நம்பான் பேழை: கிளம்பும் சிப்பிக்கு எந்தப் பசை?

ஜப்பானில் 1600 வாக்கில் ஐரோப்பியருக்கு ஏற்றுமதிக்காகச் செய்த, நம்பான் எனப்படும் வகை அரக்குப் பேழை. வளைந்த மூடியில், பலகைகள் சேரும் இடத்தை ஒட்டி முத்துச்சிப்பித் துண்டுகள் கிளம்பி நிற்கின்றன. காற்று உலர்ந்தால் மரம் சுருங்கும், சிப்பி சுருங்காது, கோளாறு அங்கேதான். இப்போதைக்கு 55% ஈரப்பதத்தில், வெளிச்சம் படாமல் வைத்திருக்கிறோம்.

கோதுமை மாவும் பச்சை உருஷியும் (அரக்கு மரத்தின் பால்) பிசைந்த முகி-உருஷிப் பசை உறுதியாகப் பிடிக்கும். ஆனால் இறுக 70–80% ஈரப்பதம் வேண்டும், இறுகியபின் பிரிக்கவே முடியாது. மீன் பசையைப் பிரிக்கலாம் என்பதால் மனம் அதன் பக்கம்தான் சாய்கிறது. அதிலுள்ள நீர், வெளிச்சத்தில் நலிந்த அரக்கில் வெள்ளைத் தடம் விடுமே என்பதுதான் கவலை. சிப்பியின் ஓரத்திலேயே மாகி-எ (ஈர அரக்கின்மேல் தூவிய) தங்கப்பொடி வேறு, அழுத்தித் துடைக்கவும் வழியில்லை.

மீன் பசையைச் சிப்பிக்கு அடியில் செலுத்தியவர்கள் எத்தனை சதவீதக் கரைசல் எடுத்தீர்கள்? வழிந்ததை எப்படி ஒற்றி எடுத்தீர்கள்? வளைவில் அழுத்தம் கொடுக்க ஷிம்பாரி முறையில் சட்டத்துக்குள் வளைத்து முட்டுக்கொடுக்கும் மூங்கில் குச்சிகளே போதுமா? விவரமாகச் சொல்லுங்கள்.