தேஸே இளைஞர் வாரத்துக்குச் செல்ல வழிகாட்டுங்கள்

உறவுகளே, இயேசுவுக்குப் புகழ்!

நானும் தங்கையும் ஆகஸ்ட் இறுதியில் பிரான்சின் தேஸேயில், 18 முதல் 35 வயதினருக்காக நடக்கும் வாரத்தில் கலந்துகொள்ள விரும்புகிறோம். சகோதரர் ரோஜர் 1940இல் அங்கு குடியேறித் தொடங்கிய துறவியர் சமூகம் அது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் ஒன்றாக நாளுக்கு மூன்று வேளை செபிக்கிறார்கள்; சிறு வரியொன்றைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனத்துக்காகத்தான் ஏங்குகிறேன். வேலைக்குப் போகத் தொடங்கியபின் என் செபம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஆகிவிட்டது.

எங்கள் மொரிஷியஸ் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயண விசா வேண்டியதில்லை. பாரிஸிலிருந்து மக்கோன்-லோஷே வரை அதிவேக ரயில் இருக்கிறது. ஞாயிறு மாலை அங்கே இறங்கினால் தேஸேக்குப் பஸ் கிடைக்குமா? கூடாரம் கொண்டுபோவதா, பொது அறையில் தங்குவதா? தங்கைக்கு ஆஸ்துமா, இரவுக் குளிரை நினைத்துத்தான் கேட்கிறேன். வயதையும் நாட்டையும் பொறுத்துக் கட்டணம் மாறுமாம், நம் நாட்டவர் எவ்வளவு கொடுத்தீர்கள்?

செப்டம்பர் 8, நம் ஊர் சேந்த்-குருவாவில் அருளாளர் லவால் கல்லறைக்குப் போகும் யாத்திரைக்குள் திரும்பிவிடுவோம் என்று சொல்லியும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. "இரண்டு பெண்பிள்ளைகள் தனியாகவா?" என்கிறார். ரோஸ்ஹில் பக்கம், அங்கே போய்வந்த அக்கா யாராவது இருந்தால் ஒருநாள் வீட்டுக்கு வந்து அவரிடம் பேசுவீர்களா?