சூரியப் பவளம் வாய் திறக்க மறுக்கிறது, என்ன ஊட்டலாம்?

நண்பர்களே, அவசரமாக ஒரு உதவி. என் 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஒரு சூரியப் பவளம் இருக்கிறது. மற்ற பல பவளங்களின் உடலில் வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பாசி இருக்கும், இதற்கு அது கிடையாது, விளக்கு எவ்வளவு போட்டாலும் பயனில்லை, நாம் ஊட்டினால்தான் உயிர். முன்பெல்லாம் இரவில் விளக்கை அணைத்த அரை மணியில் மஞ்சள் கைகளை விரித்துவிடும். பத்து நாளாக நாலைந்து வாய்கள் திறக்கவே இல்லை, ஓரத்தில் சதை சுருங்கி வெள்ளை எலும்பு தெரிகிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலின் முட்டையைப் பொரிக்க வைத்து, கருச்சத்து தீருவதற்குள் குஞ்சுகளை வடிகட்டி அலசி, பம்பை நிறுத்திவிட்டுச் சொட்டுக்குழாயில் ஊட்டுகிறேன். உறைந்த மைசிஸும் (இறால் போன்ற சிறு உயிரி) கொடுத்துப் பார்த்தேன், தண்ணீரில் கழிவால் சேரும் நைட்ரேட் 5லிருந்து 25க்கு ஏறி கண்ணாடி முழுக்கப் பாசி. கடையில் பாட்டில் பைட்டோபிளாங்டனை (நீரில் மிதக்கும் நுண்பாசி) நீட்டினார்கள். அது சிப்பிக்குச் சரி, இறால் தின்னும் இதற்கு எப்படிப் போதும்?

மூடிய வாயைத் திறக்கவைக்க என்ன செய்கிறீர்கள்? மைசிஸ் அலசிய சாற்றை முதலில் விட்டுக் காத்திருந்தால் விரியுமா? அப்புறம், வீட்டிலேயே கோப்பிபாட் (இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரி போன்ற மிகச் சிறு உயிரி) வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால், தண்ணீர் கெடாமல் வாரத்துக்கு எத்தனை முறை ஊட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.