வண்டிச் சமையலுக்கு வைத்திருந்த கேஸ் சிலிண்டர்களை எங்கே ஒப்படைப்பது?

களியக்காவிளை வண்டிக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். சபரிமலை, வாகமண், மூணாறு என்று குடும்பங்களை ஏற்றிச் செல்வதற்காக, பின்பகுதியில் சிறு சமையலறை அமைத்த பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினேன். சமையலறையைக் கழற்றிவிட்டு இருக்கை போடுவதாக முடிவு செய்ததால், வண்டியோடு வந்த சிலிண்டர்கள் இப்போது திண்ணையோரம் கிடக்கின்றன. ஒன்று 14.2 கிலோ வீட்டு உபயோகச் சிலிண்டர். இன்னொன்று எண்ணெய் நிறுவனத்தின் பெயர் பொறித்த 5 கிலோ. மூன்றாவது, அடுப்புக் கடைகளில் விற்கும் முத்திரை எதுவுமில்லாத சிறிய லோக்கல் சிலிண்டர். இவை போக ஒரு பை நிறைய பியூட்டேன் கேன்கள் உள்ளன. எதற்கும் ரசீது இல்லை. கேரளத்துப் பாறசாலைப் பக்கம் ஓர் ஏஜென்சியில் விசாரித்தபோது, தமிழ்நாட்டுச் சிலிண்டரைத் தமிழ்நாட்டிலேயே கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரரோ, வால்வைக் கழற்றிக் கொண்டுவந்தால் இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். முறையான வழி என்ன?

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஏஜென்சி ஊழியர்:

தம்பி, 14.2 கிலோ சிலிண்டர் உங்களுடையதும் அல்ல, வண்டியை விற்றவருடையதும் அல்ல. டெபாசிட் கட்டியவரிடம் பயன்பாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட எண்ணெய் நிறுவனத்தின் சொத்து அது; ஆகவே அதை இரும்பாக விற்கும் உரிமை யாருக்கும் கிடையாது. இணைப்பு யார் பெயரில் இருந்தது என்று விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் தமது ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால், இணைப்பை முடித்துக்கொடுக்கும் டி.வி. எனப்படும் சீட்டும் கட்டிய டெபாசிட்டும் அவருக்குக் கிடைக்கும். ஆள் அகப்படாவிட்டால், அதே நிறுவனத்தின் ஏஜென்சி ஒன்றில், சிலிண்டர் உங்கள் கைக்கு வந்த விதத்தை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிடுங்கள். பணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த 5 கிலோ சிலிண்டர், அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கக்கூடிய வகையாக இருந்தால், ஏஜென்சிகளே திரும்ப எடுத்துக்கொண்டு அப்போதைய விதிப்படி ஒரு தொகை தருவார்கள். அதற்கு இணைப்பு ஏதும் கிடையாது.

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் 'பி 27' என்பதுபோல் எழுதியிருக்கும். அது 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்குள் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்பதற்கான குறி. அந்தத் தேதி கடந்துவிட்டது என்பதற்காக நாமே உடைத்துப் போட்டுவிட முடியாது. பரிசோதித்து, தேறாததை நசுக்கி அழிப்பது நிறுவனத்தின் வேலை.

குழித்துறை பட்டறைக்காரர்:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். வால்வைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னதுதான் இதில் மிகவும் ஆபத்தான பேச்சு. அடுப்பு எரியாத அளவுக்குத் தீர்ந்த சிலிண்டரிலும் உள்ளே வாயு நிறைந்தே இருக்கும். வால்வைத் திறந்தால் காற்று புகுந்து அதோடு கலக்கிறது. காற்றில் இந்த வாயு ஏறக்குறைய 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதாவது, வால்வு மூடிய சிலிண்டரைவிட, வால்வைக் கழற்றிவிட்டு 'காலி' என்று பெயர் சூட்டிய சிலிண்டர்தான் கேஸ் கட்டர் வைப்பவரின் உயிருக்கு எமன்.

முற்றத்தில் வைத்துத் திறந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். இது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் ஓடையிலும் கிணற்றிலும் இறங்கித் தேங்கும். பட்டறைக்கு வந்த ஒரு லோக்கல் சிலிண்டரில் வால்வு ஊசி சிக்கி, வாய்ப்பகுதி வெண்பனி படர்ந்து சீறிக்கொண்டிருந்தது. நாற்றமோ பக்கத்து வீட்டுச் சாக்கடையிலிருந்துதான் முதலில் எழுந்தது. இப்படிக் கசிந்தால் 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

நெய்யாற்றின்கரைத் தமிழர்:

லோக்கல் சிலிண்டரை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கடை பெரிய சிலிண்டரிலிருந்து வாயுவை இறக்கி, மறுநாளே அதை இன்னொருவர் தலையில் கட்டிவிடும். வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் அங்கீகாரம் பெற்ற சிலிண்டர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, வாயுவை நீக்கி நசுக்கியதற்குச் சான்று கேளுங்கள். செலவு நம்முடையதுதான்.

பியூட்டேன் கேன்களைத் திறந்தவெளியில், அதற்குரிய அடுப்பிலேயே சுடர் தானாக அணையும்வரை எரித்துத் தீர்த்துவிடுங்கள். துளை போடவோ குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவோ கூடாது. கேரளத்தில் எங்கள் பக்கம் வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையினரிடமும் உங்கள் பக்கம் தூய்மைப் பணியாளர்களிடமும், கேஸ் கேன் என்று சொல்லி, எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுத் தனியே கொடுங்கள். மூட்டைக்குள் மறைத்து வைத்தால் அடிபடுவது அவர்கள் கைதான்.

களியக்காவிளை வண்டிக்காரர்:

மிக்க நன்றி. விற்றவரின் ஊர் திருநெல்வேலி. இணைப்பு அவருடைய அண்ணன் பெயரில் இருக்கிறதாம். சிலிண்டரை அவரிடம் ரயிலில் கொடுத்தனுப்பலாமா?

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஏஜென்சி ஊழியர்:

கூடவே கூடாது, தம்பி. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி அது சிறைக்குரிய குற்றம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்களே. அண்ணனையே அவருடைய ஏஜென்சியில் கேட்கச் சொல்லுங்கள்; அவர்கள் ஒப்புக்கொண்டால், வால்வுக்கு மூடி போட்டு, நிமிர்த்திக் கட்டி, ஜன்னல்களைத் திறந்துவைத்து உங்கள் வண்டியிலேயே கொண்டுபோகலாம். ரெகுலேட்டரையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ரப்பர் குழாயை மட்டும், வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி துண்டுதுண்டாக வெட்டிப் போட்டுவிடுங்கள்.