டாக்கிங் ஸ்டேஷனுக்குத் தமிழ்ச்சொல்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

குமாரபாளையம், வியாழன் இரவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி வன்பொருள் ஆய்வகம் நடத்துகிறேன். முதலாண்டில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலக் கையேட்டை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்; கேபிளைக் கையில் கொடுத்தால் எதை எதில் செருகுவது என்று தயங்குகிறார்கள். அதனால் எட்டுப் பக்கத்தில் தமிழ்க் கையேடு எழுதுகிறேன். திங்கள் காலை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். ஏழு பக்கம் முடிந்தது.

எட்டாவது பக்கம் இதுதான்: மானிட்டர், கீபோர்டு, மவுஸ், லேன் வயர் எல்லாம் முன்கூட்டியே ஒரு பெட்டியில் செருகியிருக்கும். மடிக்கணினியிலிருந்து ஒரே ஒரு யூஎஸ்பி-சி கேபிள் அந்தப் பெட்டிக்குப் போகும். படம், தரவு, மின்சாரம் மூன்றும் அதன் வழியே. அந்தப் பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர்? என் வாக்கியம்: “முதலில் ______ உடைய அடாப்டரைச் சுவரில் செருகு, பிறகு மானிட்டர், கடைசியில் மடிக்கணினி.”

ஒரு துளையைப் பல துளையாக்கும் யூஎஸ்பி ஹப்பிலிருந்தும் இது பிரிந்து தெரிய வேண்டும். சாதாரண ஹப் மடிக்கணினியிடமிருந்து மின்சாரம் வாங்கும். இது பெரும்பாலும் மடிக்கணினிக்கே மின்சாரம் கொடுக்கும். மாணவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

தஞ்சாவூர், வெள்ளி காலை

அம்மா, நல்ல பணி. சொல்லை வெளியே தேட வேண்டாம், பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகளைக் கட்டும் இடம்:

நெல்லொடு வந்த வல்வாய்ப் பஃறி
பணைநிலைப் புரவியின் அணைமுதல் பிணிக்கும்

லாயத்தில் நிற்கும் குதிரைகளைப் போலப் படகுகளைத் தறிகளில் கட்டியிருக்கிறார்கள். அணை என்பது இங்கே கட்டும் தறி. கப்பல் கரையணைந்தது என்று இன்றும் சொல்கிறோம். அதே பாட்டில் பின்னால், துறையில் அசையும் நாவாய்க்குக் கட்டுத்தறியை அசைக்கும் களிறு உவமை: ‘வெளில் இளக்கும் களிறு போல’. வெளில் என்றால் யானை கட்டும் தறி. புகார்த் துறையைப் பார்த்த புலவருக்குக் கலமும் விலங்கும் ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. மடிக்கணினியும் ஊர் சுற்றிவிட்டு வந்து நிற்பதுதானே. என் பரிந்துரை அணைதுறை. மாற்றாகக் கணித்தறி.

குமாரபாளையம், வெள்ளி மதியம்

ஐயா, பாட்டுக்கு நன்றி. வகுப்பில் படித்துக் காட்டுவேன். ஆனால் என் மாணவர்களில் பலர் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். இரவு ஷிப்டு தறி ஓட்டிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருபவனும் இருக்கிறான். ‘கணித்தறி’ என்று எழுதினால் கணினியால் ஓடும் தறி என்றுதான் படிப்பான், அவனைக் குறை சொல்ல முடியாது.

‘அணை’யிலும் எனக்குத் தயக்கம். விளக்கை அணை, ஃபேனை அணை என்றுதான் ஆய்வகத்தில் நாள் முழுக்கச் சொல்கிறோம்.

சிங்கப்பூர், வெள்ளி மாலை

கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அம்மா சொன்னது பெரிய தடை. திரையில் ‘அணை’ என்ற பொத்தானைப் பார்ப்பவர் கணினி நின்றுவிடும் என்று அஞ்சுவார். ‘அணைந்துள்ளது’ என்று வந்தால் சொல்லவே வேண்டாம்.

எனக்கும் இந்தச் சொல் அவசரமாக வேண்டும், ஆனால் பெயர் மட்டும் போதாது. என் கோப்பில் மூன்று சரங்கள், அதாவது திரையில் தோன்ற வேண்டிய தொடர்கள், காலியாக நிற்கின்றன: பெட்டியில் சேர்ந்திருக்கும் நிலை, சேர்க்கும் கட்டளை, விடுவிக்கும் கட்டளை. வினை தராத சொல் எனக்குப் பாதிச் சொல்தான். ‘பிணை’யை நானே முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டேன். பிணையம் நீதிமன்றத்தில் ஜாமீன், கணினியில் நெட்வொர்க். பிணிப்பகம் என்றால் மருத்துவமனை நினைவுதான் வருகிறது.

பருத்தித்துறை, வெள்ளி இரவு

எல்லோருக்கும் வணக்கம். கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எங்கட பக்கம் வயரைக் கொளுவு, கழட்டு என்றுதான் கதைப்பம். சட்டையை ஆணியில் கொளுவுறதும் இதே சொல்தான். சிங்கப்பூர் நண்பர் கேட்ட மூன்றும் இதில் வரும்: கொளுவு, கழற்று, கொளுவியிருக்கிறது. பெயர் வேண்டுமென்றால் கொளுவகம்.

‘துறை’யைப் பற்றியும் ஒன்று. காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, நான் இருக்கிற பருத்தித்துறை எல்லாம் வள்ளம் வந்து நிற்கிற இடங்கள். எங்களுக்கு அது உயிருள்ள சொல். ஆனால் கணினியில் யூஎஸ்பி துளை ஒவ்வொன்றையும் ஏற்கெனவே துறை என்று எழுதிவிட்டோம். பன்னிரண்டு துறை உள்ள பெட்டியையும் துறை என்றால் பிள்ளைகள் எதை எடுப்பினம்?

தஞ்சாவூர், சனி காலை

பருத்தித்துறை நண்பர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, கொளுவும் துறையும் ஏற்கெனவே சேர்ந்தவை. புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூலில் ஒவ்வொரு துறைக்கும் முன்னால் அதன் கருத்தைப் பிடித்து வைக்கும் இரண்டடி வரும். அதற்குப் பெயர் கொளு. கருத்தைக் கொள்வது கொளு, கொள்ளச் செய்வது கொளுத்து, மாட்டிக்கொள்வது கொளுவு. அடி ஒன்றுதான். துறையும் அப்படியே: நீரில் இறங்கும் படி, பிறகு கலம் நிற்கும் இடம், பிறகு பாடற்பொருளின் உட்பிரிவு, பிறகு அரசு அலுவலகம், இப்போது கணினித் துளை. இத்தனை பொருளைச் சுமந்த சொல் இன்னொன்றையும் சுமக்கும். பன்னிரண்டு துறை கொண்டதற்குத் துறைமுகம் என்றே பெயர் வைக்கலாமே?

தறியையும் நான் விட்டுவிடவில்லை. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியை மாட்டைக் கட்டும் முளை என்பாரும் உண்டு, நெசவுத்தறி என்பாரும் உண்டு. நான் முளை என்ற கட்சி. கட்டு என்ற அடைமொழி அங்கே வீணாக வரவில்லை.

சென்னை, சனி மதியம்

நான் ரிச்சி தெரு பக்கம் சர்வீஸ் செய்கிறேன். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கடைக்கு வருகிறவர் ‘டாக்’ என்றுதான் கேட்கிறார். இது அந்நியச் சொல் என்று சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஜவகர் டாக், பாரதி டாக், அம்பேத்கர் டாக் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. ராயபுரத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் இருக்கும் சொல் அது. பாரதி பெயரோடு சேர்ந்தே இருக்கிற சொல்லை ஏன் துரத்த வேண்டும்? அந்தப் பையன் நாளை கடைக்கு வந்து கொளுவகம் என்று கேட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். வேலை தேடும்போது அவனுக்குத்தான் நட்டம்.

உவமை பற்றியும் ஒரு வார்த்தை. 1992இல் ஆப்பிளின் டூவோ டாக்கில் மடிக்கணினியையே உள்ளே தள்ள வேண்டும். வி.சி.ஆர். கேசட்டை இழுப்பது போல மோட்டார் இழுத்துக்கொள்ளும். திங்க்பேடு மடிக்கணினிகளை டாக்கின் மேலே வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று உட்காரும். அப்போது கலம் துறைக்குள் வந்தது என்று சொன்னால் பொருந்தியது. இன்றைய பெட்டி மானிட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மடிக்கணினி மேசையின் இந்தக் கோடியில். நடுவில் கயிறு மட்டும்தான். அதனால் யாராவது மேடை, தளம் என்று கிளம்பினால் ஏற்காதீர்கள். அதன்மேல் எதுவும் உட்காருவதில்லை.

கையேட்டுக்கு ஒரு குறிப்பு, அம்மா. எல்லா யூஎஸ்பி-சி துளையும் ஒன்றல்ல. வடிவம் ஒன்றுதான், சிலவற்றில் படம் வராது. தண்டர்போல்ட் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேபிளும் அப்படித்தான். 60 வாட் கேபிளைப் போட்டுவிட்டு 100 வாட் டாக் சரியாக சார்ஜ் ஏற்றவில்லை என்று வாரம் இரண்டு பேராவது வருகிறார்கள்.

சிங்கப்பூர், சனி மாலை

சென்னை நண்பரின் வாதத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்திலும் நம் ஆட்கள் மூட்டை சுமந்தவர்கள்தான். ஆனால் தமிழ் எழுத்தில் ‘டாக்’ என்பதைப் பாருங்கள். நாயும் அதுவே, பேச்சும் அதுவே. திரையில் தனியாக நிற்கும்போது சூழல் துணைக்கு வராது. உழைப்பாளி வாயில் தேய்ந்து நம்முடையதான சொல்லுக்கு மரியாதை உண்டு. அது வினையாகவும் ஆகியிருந்தால் நான் இன்றே எடுத்துக்கொள்வேன். ‘டாக்கு, டாக்கினேன்’ என்று யாரும் சொல்வதில்லை.

குமாரபாளையம், ஞாயிறு காலை

எல்லாருக்கும் நன்றி. நேற்று வார்டனிடம் கேட்டுக்கொண்டு விடுதி மாணவர்கள் ஐந்து பேரை ஆய்வகத்துக்கு அழைத்தேன். பெயர் எதுவும் சொல்லாமல் பெட்டியைக் கொடுத்து இணைக்கச் சொன்னேன், பேசுவதைக் குறித்துக்கொண்டேன். ஐவரும் சொன்ன வினை மாட்டு, கழட்டு. பெட்டியை ‘பாக்ஸ்’ என்றார்கள், ஒருவன் ‘ஜங்ஷன்’ என்றான். பிறகு பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். கொளுவகம் எவருக்கும் புரியவில்லை. அணைதுறையை மின்வாரியம் என்று நினைத்தான் ஒருவன். துறைமுகம் என்றதும் தூத்துக்குடி என்றார்கள்.

மாட்டு என்பதிலிருந்தே பெயர் செய்யலாம் என்று பார்த்தேன். மாட்டகம் மாட்டுத் தொழுவம் போலத் தொனிக்கிறது. மிஞ்சியவை இணைதுறை, இணைப்பகம்.

தஞ்சாவூர், ஞாயிறு முற்பகல்

இணைப்பகம் தொலைபேசி இணைப்பகம் அல்லவா? அகம், அகம் என்று எதற்கும் ஒட்டுவதை நாம் நிறுத்த வேண்டும்.

சிங்கப்பூர், ஞாயிறு முற்பகல்

தொலைபேசி இணைப்பகத்தைப் பார்த்திராத பிள்ளைகள் அவர்கள், ஐயா. ஆனாலும் என் வாக்கு இணைதுறைக்கு. மற்றத் துறைகள் ஒன்றுசேரும் துறை. ஒரு வாய்ப்பாடாவது தெரிகிறது.

சென்னை, ஞாயிறு மதியம்

கையேட்டில் முதல் வரியில் ‘கடையில் டாக் என்று கேட்க வேண்டிய’ என்று ஒரு தொடர் இருக்குமானால் எனக்கு மறுப்பில்லை. இல்லாவிட்டால் மறுப்பு உண்டு.

பருத்தித்துறை, ஞாயிறு மாலை

இணைதுறை என்றே வையுங்கோ. ஆனால் கொளுவு என்ற வினையைப் புத்தகத்தில் ஓரிடத்திலாவது போடுங்கோ. இரண்டு கரைக்கும் பொதுவான சொல் ஒன்று அங்கே மறந்துபோகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

குமாரபாளையம், திங்கள் காலை

அச்சுக்குக் கொடுத்தாயிற்று. எட்டாம் பக்கம் இப்படி வந்திருக்கிறது: “கடையில் டாக் என்று கேட்க வேண்டிய இணைதுறையில் மானிட்டரையும் லேன் வயரையும் முதலில் மாட்டு. அதன் அடாப்டரைச் சுவரில் செருகு. கடைசியில் மடிக்கணினியைக் கொளுவு.” பக்கத்தின் அடியில் கொளுவுக்கு ஒரு வரி விளக்கம். மின்னல் குறியையும் 60 வாட் கேபிளையும் சேர்த்துவிட்டேன்.

சனிக்கிழமைக் குறிப்பில் ஒன்று விட்டுப்போயிற்று. வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு மாணவன் யூஎஸ்பி-சி கேபிளைப் பிடுங்கிக்கொண்டே “தும்பக் கழட்டிட்டேன் மேடம்” என்றான். அவன் வீட்டில் எருமை இருக்கிறது.

தஞ்சாவூர், திங்கள் மதியம்

அம்மா, அச்சானது ஆகட்டும். ஆனால் தும்பு என்றானே! மாட்டைக் கட்டும் கயிற்றை எந்தப் புலவரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. புகாரில் பஃறியைப் பிணித்தவரும் இவனும் ஒரே காட்சியைத்தான் கண்டிருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் தறியை மறுபடி எடுக்க வேண்டும் என்று என் பெயரில் குறித்து வையுங்கள். இணைதுறைக்கு என் இசைவு இல்லை.

சிங்கப்பூர், திங்கள் இரவு

பெயரை ‘இணைதுறை’ என்று ஏற்றிவிட்டேன். சேர்ந்த நிலைக்கு ‘இணைதுறையில் உள்ளது’. விடுவிக்கும் கட்டளை மட்டும் இன்னும் காலி. ‘கழற்று’ என்று இட்டால் எதைக் கழற்றுவது என்று திரையில் தெரிவதில்லை. ‘தும்பைக் கழற்று’ என்று போட எனக்கு ஆசைதான், ஐயா. கோப்பு வெள்ளிக்கிழமை மூடுகிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.