ஆயில் கம்பி இல்லாத காரை வாங்கலாமா?

பனியன்வேஸ்ட்:
நண்பர் ஒருவர் பழைய பிஎம்டபிள்யூ பார்த்துவிட்டு வந்தார். "பானட்டைத் திறந்தால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியையே காணோம்" என்றார். என்52 எஞ்சின், கம்பி கிடையாது, எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் அடியில் சென்சார் மட்டும். வாங்காதே என்றேன். கம்பியை உருவி, வேஸ்டில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பதை நம்புவேன். திரையில் தெரியும் அளவுக் கோட்டை எப்படி நம்புவது?

வேகத்தடை:
அண்ணே, சர்வீசுக்கு நடுவில் கம்பியை உருவிப் பார்ப்பவர் உங்கள் தெருவில் எத்தனை பேர்? சிவப்பு ஆயில் கேன் விளக்கு எரிந்தால்தான் பலருக்கு ஞாபகமே வரும். அது அழுத்தத்துக்கான விளக்கு, அளவுக்கு அல்ல. ஆயில் குறைந்து அது எரிகிறது என்றால் பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது, பேரிங்குக்கு ஆபத்து. அளவு சென்சார் அதற்கு எவ்வளவோ முன்பே மஞ்சளில் சொல்லிவிடும்.

பனியன்வேஸ்ட்:
சொல்லும், சரியாகச் சொல்லுமா? வண்டி ஓடும்போது கொஞ்சம் ஆயில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் இருக்கும். வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும். நுரை வேறு.

வேகத்தடை:
அதையெல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். அல்ட்ராசோனிக் வகையைப் பாருங்கள். சம்பின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒலியை விடும். ஆயிலின் மேல்பரப்பில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும். ஆயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர் போகும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்வர நொடியில் 7,000-இல் ஒரு பங்குதான். சூடானால் அந்த வேகம் குறையும், அதனால் வெப்பநிலையையும் சேர்த்தே அளக்கும். நுரை குழப்பாமல் இருக்கச் சுற்றி ஒரு குழல். பிரேக், வளைவு எல்லாம் அடிபட்டுப் போகும்படி சராசரி எடுத்துத்தான் காட்டும். இன்னொரு வகை, சென்சாருக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு கம்பியைச் சூடாக்கி, எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்று பார்க்கும்; ஆயில் அதிகம் என்றால் சீக்கிரம் ஆறும்.

சும்மாஓட்டுறவன்:
என் வண்டியில் (பெயர் வேண்டாம்) அந்தச் சென்சாரே செத்துப்போனது. கம்பியும் இல்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, முழுக்க வடித்துவிட்டு அளந்து ஊற்ற வேண்டியதாயிற்று. சென்சாரை மாற்றவும் வடிக்கத்தான் வேண்டும், அதனால் ஒரே வேலையாகப் போனது.

பனியன்வேஸ்ட்:
கேட்டீர்களா தம்பி? அப்படி அளந்து ஊற்ற அந்த என்52-க்கு 6.5 லிட்டர் ஆயில் வேண்டும். இன்னொன்று: குறுகிய தூரமே ஓட்டினால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். அளவு ஏறும், அளவை மட்டும் பார்க்கும் சென்சார் "சரி" என்றுதான் சொல்லும். கம்பியை மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். கூலன்ட் கலந்தால் மோர் மாதிரி இருக்கும்.

வேகத்தடை:
மோந்து பார்ப்பது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டீசலில் புது ஆயிலே சில நாளில் கறுத்துவிடும். கம்பியும் சென்சாரும் இரண்டும் இருக்கும் வண்டிதான் எனக்குப் பிடிக்கும். ஒன்றுதான் என்றால், பார்க்க மறக்கிறவனுக்குச் சென்சார்.

சும்மாஓட்டுறவன்:
அது இருக்கட்டும், அந்த நண்பர் வாங்கினாரா?

பனியன்வேஸ்ட்:
அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்.