கணக்குப் பேப்பர்ல தமிழ்ல எழுதி வெச்சுட்டா. 17 வயசுலயும் கணக்கு தேவையா? உங்க அனுபவம் சொல்லுங்க

யீஷூன் அம்மா:

ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அதான் இங்க கொட்டுறேன். நாங்க இருக்கிறது சிங்கப்பூர். மகள் ஜேசி, அதாவது யுனிவர்சிட்டிக்கு முந்தின ஜூனியர் காலேஜ், முதல் வருஷம், ஆர்ட்ஸ். எச்2, அதாவது முழுப் பாடமா எடுத்த தமிழ் இலக்கியம், வரலாறு எல்லாம் பிரமாதமா செய்றா. கூடவே எச்1 கணக்கு, அது பாதி அளவுப் பாடம். அது எப்படி வந்து தலையில விழுதுன்னு ஜேசியில பிள்ளை வெச்சிருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

பெற்றோர் சந்திப்புக்குப் போயிருந்தோம். கணக்கு மிஸ் சீனப் பொண்ணு, சின்ன வயசு, நல்ல மாதிரி. டெஸ்ட் பேப்பரை எடுத்து என் பக்கமா திருப்பி வெச்சாங்க. புள்ளியியல்ல வர்ற நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் கேள்வி. மணி கவுத்து வெச்ச மாதிரி ஒரு கோடு வரைஞ்சு, பாதிக்குப் பென்சில் தீட்டியிருக்கா. அதோட சரி. மிச்சம் பக்கம் முழுக்க வெள்ளை. அடியில குட்டிக் குட்டியா தமிழ்ல ஒரு வரி: "இதற்கு மேல் எனக்குத் தெரியாது. கோபப்படாதீர்கள்."

மிஸ் அந்த வரிக்குக் கீழ பேனாவை வெச்சு, "மேடம், இது என்ன? எனக்குப் படிக்கத் தெரியல"ன்னாங்க.

நான் யோசிக்கக்கூட இல்ல. "வீட்டுக்குப் போய் இதைத் திரும்பப் போட்டுப் பார்க்கணும்னு தனக்கே எழுதி வெச்சிருக்கா"ன்னு சொல்லிட்டேன். மிஸ் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். ரொம்ப நல்ல பழக்கம், விடாதேன்னு மகளைப் பாராட்டினாங்க. அவ குனிஞ்சு தன் ஷூவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

பஸ்ல வீடு வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாயே திறக்கல. இன்னும் அதைப் பத்திப் பேசல.

போதும்னு பிள்ளை சொன்னா விட்டுடலாமா? படிப்பை முடிச்சு வெளிய வர்ற வரைக்கும் கணக்கைத் தூக்கித்தான் ஆகணுமா? உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்க. அறிவுரை வேண்டாம், அதுக்கு வீட்டுலயே மாமியார் இருக்காங்க.

பைப் தம்பி:

அக்கா, நான் உயர்நிலைப் பள்ளியில வழக்கநிலை தொழில்நுட்பம், படிப்பு கம்மியா வர்றவங்களைப் போடற பிரிவு. கணக்குன்னா எப்பவுமே சிவப்பு மைதான். ஐடிஇ தொழிற்கல்லூரி போய் எலெக்ட்ரிக்கல் எடுத்ததும் சனியன் ஒழிஞ்சதுன்னு இருந்தேன்.

வேலைப் பயிற்சி அட்டாச்மென்ட் துவாஸ் தொழிற்பேட்டையில. வயர் போற கான்டூட் பைப் சுவரோரமா வருது, நடுவுல ஒரு பீம் துருத்திக்கிட்டு நிக்குது. பைப் அது மேல ஏறித் திரும்ப நேரா போகணும். ரெண்டு இடத்துல வளைக்கணும், அந்த ரெண்டு மார்க்குக்கும் நடுவுல எவ்வளவு விடணுங்கிறதுதான் விஷயம். நான் கண் மதிப்புல வளைச்சேன், ரெண்டு பைப் குப்பைக்குப் போச்சு. மூணாவதை எடுக்கும்போது புதுக்கோட்டை அண்ணன் ஒருத்தர் கையைப் பிடிச்சுட்டார். டேப்பை வெச்சு பீம் எவ்வளவு துருத்துதுன்னு பார்த்தார், 10 சென்டி. "45 டிகிரின்னா ஒண்ணு புள்ளி நாலால பெருக்கு தம்பி. 14 சென்டி தள்ளி அடுத்த மார்க். 30 டிகிரின்னா அப்படியே ரெட்டிப்பு, 20." வளைச்சார். பைப் அப்படியே பீம் மேல உட்கார்ந்துச்சு, நடுவுல பேப்பர் நுழையாது.

எங்க படிச்சீங்கன்னு கேட்டேன். எட்டாவதோட நிறுத்திட்டாராம், சவூதியில ஒரு ஃபோர்மேன் சொல்லிக் குடுத்ததாம்.

அன்னிக்கு வீட்டுக்குப் போற பஸ்ல போன் கால்குலேட்டர்ல சும்மா 1ஐ சைன் 45ஆல வகுத்தேன். 1.414. சைன் 30ஆல வகுத்தேன். 2. பள்ளியில செக் ஃபோர்ல, அதாவது பத்தாவது வருஷம், டீச்சர் போர்டுல எழுதி எழுதித் துடைச்ச அதே சைன்! எனக்கு அழுகையே வந்துடுச்சு, கோவத்துல. யார் மேல கோவம்னு இன்னும் தெரியல.

என்னைக் கேட்டா விடக்கூடாதுதான்.

திரும்பி வந்தவள்:

பைப் தம்பி, கதை நல்லாயிருக்கு. ஆனா அதுலேர்ந்து "விடக்கூடாது" எப்படி வந்துச்சு? சரியா வளைச்சவர் எட்டாவதோட நிறுத்தினவர். வீணாக்கினது 10 வருஷம் படிச்ச நீங்க!

நாங்க பர்மிங்ஹாம்ல 3 வருஷம் இருந்தோம். ஒரு காலேஜ்ல பரீட்சை மேற்பார்வைக்குப் போவேன். இங்கிலாந்துல 16 வயசுல ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வு. அதுல கணக்குக்கு 4ஆம் கிரேடு வாங்கிட்டா அதோட கை கழுவிடலாம். வாங்கலன்னா 18 வயசு வரைக்கும் மேல என்ன படிச்சாலும் அதைக் கூடவே படிக்கணும். கணக்கு வர்றவன் தப்பிச்சுப் போயிடுவான், வராதவன் மட்டும் மாட்டிக்குவான்.

நவம்பர் மாசம் மறுதேர்வு. ஒரு பையன் சுவர் பூசுற வேலை படிக்கிறவன் போல, பூட்ஸெல்லாம் வெள்ளை வெள்ளையா காய்ஞ்சு கிடக்கு. பேப்பர்ல முதல்ல பேர் எழுதினான். அவ்வளவு அழகான கையெழுத்து. பேனாவை மூடினான், தலையை மேசையில சாய்ச்சுட்டான். தூங்கறானோன்னு பக்கத்துல போய் நின்னேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு. "நாலாவது தடவை, மிஸ்"னு மெதுவா சொன்னான். ஒன்றரை மணி நேரமும் அப்படியே கிடந்தான்.

2023 ஜனவரியில அப்ப பிரதமரா இருந்த ரிஷி சுனாக், எல்லாப் பிள்ளைகளும் 18 வயசு வரைக்கும் ஏதோ ஒரு வகையில கணக்கு படிக்கணும்னு பேசினாரே, எனக்கு அந்த பூட்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு. இருக்கிற வகுப்புக்கே அங்க கணக்கு வாத்தியார் பஞ்சம். அப்புறம் அதுக்காக ஒரு புதுத் தேர்வு முறையே கொண்டு வரப்போறோம்னாங்க, 2024ல ஆட்சி மாறினதும் மூட்டை கட்டிட்டாங்க.

யீஷூன் அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஜேசிக்குள்ள நுழையத்தான் 16 வயசுல எழுதற ஓ நிலைத் தேர்வுல கணக்குக்கு ஒரு குறைஞ்சபட்ச கிரேடு வாங்கியிருக்கணும். உள்ள போனப்புறம் சட்டப்படி கட்டாயமில்லையே. ஆர்ட்ஸ் பிள்ளைக்குக் கணக்கு இல்லன்னா சயின்ஸ் பக்கத்துப் பாடம் ஒண்ணு வேணும், அவ்வளவுதான். உயிரியல் எடுத்திருக்கலாமே?

யீஷூன் அம்மா:

எடுத்திருக்கலாம். அவ கேட்டதே அதைத்தான். கணக்குன்னா பின்னால யுனிவர்சிட்டியில எதுக்குன்னாலும் உதவும்னு சொன்னது நான்.

டியூஷன் மாமா:

22 ஆண்டுகளாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். என் அனுபவம் சின்னது. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ அன்று மத்தியானம் ஒரு பையன் போன் செய்து, "மாமா, ஹெலன் காசுல மாட்டிக்கிட்டேன்" என்று விம்மினான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கேள்வி ஊரே பேசியது. ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள், எல்லாம் 50 காசும் 20 காசும்தான். ஹெலனிடம் 20 காசு 64, ஐவனிடம் 104. ஹெலனுடைய நாணயங்களின் எடை 1.134 கிலோ. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு? ஒரு 50 காசு ஒரு 20 காசை விட 2.7 கிராம் கூட என்றால் ஐவனுடைய நாணயங்களின் எடை என்ன? மொத்தம் எத்தனை நாணயம் என்று தேடப் போனவர்கள் எல்லாம் தொலைந்தார்கள். அது தேவையே இல்லை. 104 கழித்தல் 64, 40. அந்த 40 இடத்தில் ஹெலனிடம் 50 காசு, ஐவனிடம் 20 காசு. இடத்துக்கு 30 காசு வித்தியாசம், ஆக ஹெலனிடம் 12 வெள்ளி, அதாவது 12 டாலர், கூடுதல். எடையில் 40 தடவை 2.7, அதாவது 108 கிராம் குறைத்தால் ஐவனுக்கு 1.026 கிலோ. முடிந்தது.

இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். எச்1 ஒரே தாள், 3 மணி நேரம், 100 மதிப்பெண். அதில் 60 நிகழ்தகவும் புள்ளியியலும்தான், மீதி 40 மற்றது. ஆகவே பயந்து ஒதுக்கும் பகுதியிலேயே பாதிக்கு மேல் கிடக்கிறது. படம் வரைந்து பென்சில் தீட்டியிருக்கிறாள் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள் என்று அர்த்தம். சராசரியை நடுவில் குறிக்கச் சொல்லுங்கள், கேட்ட எண் அதற்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்க்கச் சொல்லுங்கள், மீதியைக் கிராஃபிக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். பழைய வினாத்தாள் தொகுப்பான டென் இயர் சீரிஸை ஆண்டு வாரியாகப் போட வேண்டாம், தலைப்பு வாரியாகப் போடட்டும். இரவு 11 மணிக்கு மேல் கணக்கு கூடாது. ஒரு கேள்வியில் 10 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் மைலோ மட்டும் குடித்துவிட்டுப் போகிறாளா? அதுவும் கூடாது, 2 இட்லியாவது வேண்டும்.

கட்டாயம் வேண்டுமா என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாடுகளை ஒப்பிடும் 2022 பீசா ஆய்வில் 15 வயதுப் பிள்ளைகளின் கணக்கில் நம் சிங்கப்பூருக்கு 575, ஆய்வை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 472. சும்மா வந்ததா?

திரும்பி வந்தவள்:

மாமா, அது 15 வயசுப் பிள்ளைங்களோட மார்க்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இங்க பேச்சு 17 வயசைப் பத்தி. அந்தப் பையன் விம்மினான்னு ஒரு வரி எழுதிட்டு, 12 வெள்ளி கணக்கை அவ்வளவு நீளத்துக்குப் போட்டிருக்கீங்களே. அவன் அப்புறம் என்ன ஆனான்?

டியூஷன் மாமா:

அவன் வேறு டியூஷனுக்கு மாறிவிட்டான்.

தேக்கா பெரியவர்:

உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நான். 1982இல் மூடிவிட்டார்கள். கணக்கைத் தமிழில் படித்த கடைசி ஆட்களில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அத்தா சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். வாய்ப்பாடு ஒப்பித்தால்தான் இரவுச் சோறு.

போன மாதம் பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? அவள் கீழ் எண்களைச் சமப்படுத்தத் தொடங்குவதற்குள் என் வாயில் "மாகாணி" என்று வந்துவிட்டது. என்ன தாத்தா என்றாள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று என்றேன். பெயரிலேயே விடை இருக்கிறதே என்று வாயைப் பிளந்தாள். பதினாறில் ஒன்று என்று அப்படியே எழுதிக் கொண்டுபோனாள்.

மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் "செய்முறை எங்கே?" என்று வந்திருக்கிறது. செய்முறை: தாத்தா என்றா எழுதுவது?

சிரித்துவிட்டோம். ஆனால் அவள் அடுத்துக் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "தாத்தா, நீங்க இதை எங்க யூஸ் பண்ணீங்க?" அத்தா கடையில் பயன்படுத்தினார். நான் 38 வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். மாகாணி என்ற சொல்லை வாயால் சொன்னதே போன மாதம்தான்.

பைப் தம்பி:

பெரியவரே, செம!

திரும்பி வந்த அக்காவுக்கு ஒரு பதில் பாக்கி. அந்த அண்ணன் எட்டாவதோட நிறுத்தினார், சரி. ஆனா மீதியை நான் சொல்லல. மறுநாள் டீ பிரேக்ல, பஸ்ல போட்டுப் பார்த்ததை அவர்கிட்ட காட்டினேன். சிமெண்ட் தரையில சாக்பீஸால ஒரு முக்கோணம் போட்டு, இதுதான் பீம், இதுதான் பைப், இந்தச் சாய்வு நீளம்தான் உங்க 14 சென்டின்னு சொன்னேன். எனக்கே அரைகுறைதான். அவர் டீயைக் கீழ வெச்சுட்டுக் குந்தி உட்கார்ந்துட்டார். "12 வருஷமா பெருக்குறேன் தம்பி. ஏன்னு யாருமே சொல்லல." அப்புறம் 60 டிகிரின்னா எவ்வளவுன்னு கேட்டார். போட்டேன், 1.15 வந்துச்சு. அதைச் சட்டைப் பையில இருந்த சிகரெட் அட்டையில எழுதிக்கிட்டார். லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், இவர் எழுந்திருக்கவே இல்ல.

அவர் நம்பர்கூட வாங்கி வெச்சுக்கல நான்.

திரும்பி வந்தவள்:

சரி தம்பி. அந்த அண்ணன் கேட்டார், நீங்க சொன்னீங்க. என் பூட்ஸ் பையனை யாரும் எதுவும் கேக்கல. நான் இதோட விடறேன்.

யீஷூன் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மாமா, காலையில அவ இட்லிதான் சாப்பிடுறா, மைலோ இல்ல.

நேத்து ராத்திரி துணி மடிச்சுக்கிட்டிருந்தப்ப கேட்டுட்டேன். மிஸ்கிட்ட நான் பொய் சொன்னேனே, உனக்குக் கஷ்டமா இருந்துச்சான்னு. கொஞ்ச நேரம் சாக்ஸை ஜோடி சேர்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா: "மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? சந்திப்பு அன்னிக்குப் பேப்பரை உன்கிட்டதான் காட்டுவாங்க. அது உனக்கு எழுதினது."

நான் கையில வெச்சிருந்த சட்டையை ரெண்டு தடவை மடிச்சேன்.

கணக்கை விடணுமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. இந்த வருஷக் கடைசி வரைக்கும் டைம் இருக்குன்னு சொல்றா. அவளே யோசிக்கட்டும்னு விட்டிருக்கேன்.

டியூஷன் மாமா:

முடிவு எடுக்கும் வரை கால்குலேட்டர் வாங்கிவிடாதீர்கள், புதுசு விலை அதிகம். என்னிடம் பழைய டிஐ-84 ஒன்று சும்மா கிடக்கிறது, பேட்டரி மூடி மட்டும் கொஞ்சம் லூஸ். உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம்.