சிவப்பு விளக்கில் திரும்புவதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்ப விடும் ‘ரைட் டர்ன் ஆன் ரெட்’ விதிக்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: தடையிலா வலத்திருப்பம், செவ்விளக்குத் திருப்பம், பச்சையம்புத் திருப்பம். மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான். விதியின் உயிர் எதுவோ, அது சொல்லில் இல்லை.

சிவப்பு எரியும்போது வண்டியை முழுதாக நிறுத்த வேண்டும். நடப்பவர்களுக்கும் குறுக்கே வரும் வண்டிகளுக்கும் வழிவிட்டு, அப்புறம் திரும்பலாம். எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1975-இல் வந்த எரிசக்திச் சட்டம் இதை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது. சிக்னலில் வீணாகும் பெட்ரோலை மிச்சப்படுத்துவது நோக்கம். நிற்காமல் போக யாரும் உரிமை தரவில்லை.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன மாதம் சித்தப்பாவுக்கு லைசென்ஸுக்காக ஓட்டப் பழக்கினேன். ஒரு சிக்னலில் சிவப்பு. கார்கள் இடப்பக்கமிருந்துதான் வரும் என்பதால் அவர் கண் அங்கேயே இருந்தது. பிரேக்கை லேசாக விட்டு வண்டியை உருட்டினார். அதே நேரம் வலப்பக்கம் ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சாலையில் இறங்கினார். நடப்பவர்களுக்கான வெள்ளை விளக்கு அவருக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கத்தியதும் வண்டி நின்றது, ஒரு முழம் இடைவெளியில். “ஃப்ரீ ரைட்டுன்னு நீதானேப்பா சொன்னே?” என்றார் சித்தப்பா. உண்மை. சிக்னலில் நிற்காமலே இடப்பக்கம் திரும்பும் சென்னை ‘ஃப்ரீ லெஃப்ட்’ பழக்கத்தில் என் வாயில் வந்த சொல் அது. ‘தடையிலா’ என்பதும் அதே தவறைத்தான் செய்யும்.

பச்சையம்பும் சரிவராது. கிழக்கு ஜெர்மனியில் 1978-இல் வந்து, இணைப்புக்குப் பிறகும் நிலைத்த பச்சை அம்புப் பலகை நின்று திரும்பச் சொல்கிறது. ஒளிரும் பச்சை அம்புக்கோ நிற்கவே வேண்டாம். ஒரே பெயர் இரண்டையும் குழப்பிவிடும்.

என் பரிந்துரை: நின்றுதிரும்பல். ‘நில், கவனி, செல்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். திருப்பம் என்பது சாலை வளையும் இடத்தையும் குறிக்கும். திரும்பல் என்றால் ஓட்டுநரின் செயல் மட்டும்தான். திசையும் இதில் இல்லை. இடப்பக்கம் ஓட்டும் சிங்கப்பூரில் இது இடம், இங்கே வலம்; தேவைப்பட்டால் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “நியூயார்க் நகரத்துக்குள், பலகை அனுமதித்தால் ஒழிய நின்றுதிரும்பல் கிடையாது.” இடறவில்லை.

‘ஸ்டாப்’ பலகையிலும் நின்றுதானே திரும்புகிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்ட நடையில் ‘செவ்விளக்கில் நின்றுதிரும்பல்’ என்று முதலில் ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொண்டால் போதும்.

பிரித்து எழுதினால் வினைச்சொல் போலத் தெரிகிறது. சேர்த்து எழுதவே எனக்கு விருப்பம். புணர்ச்சி அறிந்தவர்கள் சொல்லுங்கள்.